எலி செத்த வாரம்

மாடி வீட்டை ஜெபகனி டீச்சர் காலி செய்துவிட்டுப் போனபோது
விட்டுப்போனவை:
பாதித் துடைப்பம், போன வருஷத்துக் காலண்டர்,
சன்னல் கட்டையில் காதுடைந்த பீங்கான் கோப்பை.
கோப்பையில் இது.

விரல் நீளம். இலை கிடையாது.
நாலு பட்டை, பட்டை விளிம்பில் அரத்துப் பல்.
சாணி காய்ந்தால் வருமே, அந்தப் பச்சை.

போன் போட்டுக் கேட்டேன்.
எனக்கு முந்தி இருந்தவங்க வெச்சது, என்றார் டீச்சர்.
அவர்களுக்கு முந்தி யார் என்று வீட்டுக்காரருக்கே நினைவில்லை.
அவர்கள் தந்த அட்வான்ஸ் மட்டும் நினைவிருக்கிறது.

பகலெல்லாம் எனக்கு இதுதான் வேலை,
பாளையங்கோட்டை தாலுகா ஆபீஸ் வராந்தாவில்.
விரலை வையுங்க. கண்ணைத் திறங்க. அசையாதீங்க.
பெயர், தகப்பன் பெயர், கதவு எண்.
பீடி சுற்றியே ரேகை தேய்ந்த பெருவிரல்களை
ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து
மிஷின் ஒப்புக்கொள்ளும்வரை அழுத்துகிறவள்.
ராத்திரி வந்து இதை டியூப்லைட்டுக்கு அடியில் வைத்து
அதே கேள்விகளைக் கேட்டேன்.

பிரண்டை, என்றாள் பக்கத்து மேஜை சண்முகவடிவு,
துவையலுக்கு ஆகும்.
பிரண்டைக்குக் கணு உண்டு. இதற்கு இல்லை.
கள்ளி, என்றார் பிரம்மநாயகம் சார்,
வீட்டுக்குள்ள வைக்காதம்மா.
ஊக்கால் கீறிப் பார்த்தேன்.
கள்ளி என்றால் பால் வந்திருக்கும்.
வந்தது தண்ணீர், ஒரே சொட்டு,
கசப்பிலே கொஞ்சம் புளிப்பு.
(ஆமாம், நக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.)

செல்போனில் படம் பிடித்துக் காட்டினால்
எண்பது சதவீதம் ஆப்பிரிக்கா என்றது.
கோப்பையைத் திருப்பி வைத்தால் மெக்சிகோ.
விளக்கை அணைத்துவிட்டு எடுத்த படத்துக்கு
வெள்ளரிக்காய்.
சரி, கடல் தாண்டி வந்த ஜீவன்,
விசா முடிந்தும் தங்கிவிட்டது என்று
வாரம் ஒரு மூடி தண்ணீர்,
நர்சரியில் அறுபது ரூபாய்க்கு உரம்.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை.
நாலாம் நாள் வீட்டில் எலி செத்த நாற்றம்.

பீரோவை நகர்த்தினேன்.
அரிசி டிரம்மை உருட்டினேன்.
பரணில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினேன்.
கழிவுக் குழாயாக இருக்கும் என்றார் கீழ் வீட்டுக்காரர்.
குழாய்க்காரன் முந்நூறு வாங்கிக்கொண்டு
குழாய் இல்லை என்றான்.
மல்லிகை ஊதுபத்தி கொளுத்தினேன்.
அப்புறம் மல்லிகைத் தோட்டத்தில் எலி செத்த நாற்றம்.

சிலிண்டர் தூக்கி வந்த உச்சிமாகாளி
வாசலிலேயே நின்றான்.
மூக்கைப் பொத்தவில்லை. சிரித்தான்.
"யக்கா, எருமைக் கள்ளிமுளையான் பூத்திருக்குல்லா?"

மழைக்குப் பயந்து இழுத்துவிட்ட திரைச்சீலையை
ஒரு வாரம் கழித்து அன்றைக்குத்தான் விலக்கினேன்.
தண்டின் உச்சியில் உருண்டையாக,
ஐந்து முனை நட்சத்திரங்களின் நெரிசல்.
ஈரல் நிறம். ஈரல் கடையில்போலவே
நீல ஈக்கள், மரியாதையாக, முறை வைத்து.

"எங்க மூலைக்கரைப்பட்டிப் பக்கம்
பாறையிடுக்குல கெடக்கும்க்கா, உடைமரத்து நெழல்ல.
ஆட்டுக்குப் பின்னால போனா உப்பு தொட்டுத் திம்போம்.
இத வெல குடுத்தா வாங்குனீய?"

எருமை எதற்கு என்று கேட்டேன்.
"அது தெரியாதுக்கா.
புக்குல கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.
ஆப்பிரிக்கா, டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம்.

நாற்றம் தீரும்வரை மொட்டை மாடியில் இருந்தது.
ஈக்கள் அங்கேயும் விலாசம் கேட்டு வந்தன.
தை மாசம் ஒரு காலை, பூ உதிர்ந்த இடத்தில்
இரண்டு காய்கள், மெலிந்து, நீண்டு,
ஒன்றைவிட்டு ஒன்று விலகி, மேலே வளைந்து.
கொம்பு.
நானாகக் கண்டுபிடித்தது. சரியா என்று தெரியாது.
உச்சிமாகாளியிடம் கேட்கலாம் என்றிருந்தேன்.

அடுத்த சிலிண்டரை வேறொரு பையன் கொண்டுவந்தான்.
கோப்பையை எட்டிப் பார்த்தான்.
"பிரண்டையாக்கா?"
கணு இருக்கா பாரு, என்றேன்.